வார்டுக்கு வராத தங்கச்சி

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் ஆளைத் தெரியாது. குவாகுவா சிஸ்டர் என்று கேட்டால் சைக்கிள் நிறுத்துமிடத்துக்காரர்கூட மாடியைக் கை காட்டுவார். பிரசவ வார்டில் பல வருஷமாக நர்ஸ் வேலை. பிறந்த குழந்தை சத்தம் காட்டாமல் கிடந்தால் அதன் உள்ளங்காலைச் சுண்டியபடி "குவா, குவா" என்று அவளே எடுத்துக் கொடுப்பாள். சுண்டியதற்கு அழுததோ, எடுத்துக் கொடுத்ததற்கு அழுததோ, குழந்தை அழுதுவிடும். வலியில் கிடக்கும் தாய்க்கும் சிரிப்பு வந்துவிடும்.

வீட்டில் அவள் ஒரே பெண். அப்பா நர்ஸிங் பள்ளியின் வாசல் காவலாளி. தினம் வெள்ளை உடுப்புப் பெண்களைப் பார்த்துப் பார்த்து, தன் மகளையும் அந்த வாசல் வழியாகவே உள்ளே அனுப்பினார். படித்தாள், வேலைக்கு வந்தாள், ஸ்கூல் வேன் ஓட்டும் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள், ஒரு மகளைப் பெற்றாள். பெரிய ஏற்றமும் இல்லை, பெரிய இறக்கமும் இல்லை. அந்தக் காய்ச்சல் வரும்வரை அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இவ்வளவுதான்.

காய்ச்சல் வந்ததும் பிரசவ வார்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அதற்கு மட்டும்தான் தனி மாடிப்படி இருந்தது. நோயாளிகளை வேறு யார் கண்ணிலும் படாமல் ஏற்றி இறக்கலாம். கர்ப்பிணிகளைப் பழைய கட்டடத்துக்கு மாற்றினார்கள். தொட்டில்களை ஒன்றின்மேல் ஒன்றாக வராந்தாவில் அடுக்கினார்கள். நர்ஸுகளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

"நாங்க எங்க போகணும்?" என்று அவள் போய்க் கேட்டாள்.

"நீங்க அந்த வார்டு ஆளுங்கதானே? அங்கேயே இருங்க" என்றார் அலுவலகத்தில் இருந்தவர்.

"கட்டிலோட சேர்த்து நம்மளையும் குடுத்துட்டாங்க" என்றாள் கூட வேலை பார்த்த ஆயா.

ஆரம்பத்தில் முகக்கவசம் டாக்டர்களுக்கு மட்டும் என்றார்கள். பிறகு எல்லோருக்கும் என்றார்கள், ஆனால் கையிருப்பு இல்லை. ஒரு நாள் கையுறையை ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்று என்று உத்தரவு வரும். மறுநாள் ஏன் இத்தனை கையுறை செலவானது என்று கேள்வி வரும். நோயாளியைக் குப்புறப் படுக்க வை என்று ஒருத்தர் சொல்லிவிட்டுப் போனால், யார் இவரைக் குப்புறப் போட்டது என்று கேட்டுக்கொண்டு இன்னொருத்தர் வருவார். வார்டுக்கென்று வந்த புது டாக்டருக்கு அவளுடைய மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். நல்ல பையன். ஒரு காலையில் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டு அவளிடம் சொன்னான்:

"சிஸ்டர், நேத்து நான் சொன்னதை மறந்துடுங்க. இன்னைக்குச் சொல்றதையும் ரொம்ப மனசுல வெச்சுக்காதீங்க."

பாதுகாப்பு உடை என்று வந்தவை சீக்கிரமே தீர்ந்தன. அதன்பின் மழைக்கோட்டு கொடுத்தார்கள். ஆள் தெரிவதற்காக அதில் மார்பின்மேல் மையால் எழுதி வைத்தார்கள். துவைத்துக் காயப்போட்டு எவர் கைக்கு எது கிடைக்கிறதோ அதை மாட்டிக்கொள்வதுதான் வழக்கம் என்பதால், அவள் பாதி நாள் 'டாக்டர்' என்று எழுதிய கோட்டில் நடமாடினாள். நோயாளிகள் அவளிடம் எப்போது வீட்டுக்கு விடுவீர்கள் என்று கேட்டார்கள். அந்தப் பக்கம் 'ஆயா' என்று எழுதிய கோட்டுக்குள் நின்ற டாக்டரிடம் தண்ணீர் கேட்டார்கள். அவனும் கொண்டுவந்து கொடுத்தான்.

உள்ளே வெந்து போகும். கண்ணாடி முழுக்க ஆவி படியும். எதிரில் வருவது யார் என்று நடையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் மீட்டர் வார்டுக்கே ஒன்றுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவாள். கடைசிக் கட்டிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் கட்டில்காரர் எப்படி இருக்கிறார் என்ற பயம் பிடித்துக்கொள்ளும். பிரசவம் என்றால் அவளுக்கு முன்னும் பின்னும் தெரியும். எப்போது கத்துவார்கள், எப்போது முடியும் என்று கணித்துவிடுவாள். இங்கே நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் இல்லாமல் போனார். இன்று தாங்காது என்று நினைத்தவர் எழுந்து உட்கார்ந்து சீப்பு கேட்டார். எதை வைத்து எதைச் சொல்வது என்று அவளுக்குப் புரியவே இல்லை.

வீட்டில் முன்னறையை அவளுக்கு ஒதுக்கிக் கதவைச் சாத்திவிட்டார்கள். பள்ளிக்கூடங்கள் மூடியதால் கணவருக்கு வேலை இல்லை; சமையல் அவர் கையில். தட்டைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுத் தட்டுவார். பேசுவதெல்லாம் போனில். பக்கத்து அறையிலிருந்துதான் பேசுவார்கள் என்பதால் மகளின் குரல் சுவர் வழியாக ஒரு தடவை, போன் வழியாக ஒரு தடவை என்று இரண்டு முறை கேட்கும். எதற்குப் பதில் சொல்வது என்று அவள் தடுமாறுவாள்.

அந்தச் சமயத்தில்தான் பூட்டுக்காரர் வந்து சேர்ந்தார்.

கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர், சாவி செய்கிற ஆள். ஐம்பதைத் தாண்டியவர். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. வந்த அன்று நன்றாகவே பேசினார்.

"ஊரே பூட்டிக் கிடக்கு சிஸ்டர். ஆனா பூட்டுக்காரனுக்கு மட்டும் வேலை இல்ல. எவனும் வெளிய போகலேன்னா எவன் சாவியைத் தொலைப்பான்?"

கட்டிலில் கிடந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், இருமினார். இருமல் நிற்கச் சற்று நேரம் ஆனது. அவருக்கு வேண்டியவர்கள் யாரையாவது கூப்பிட வேண்டுமா என்று அவள் கேட்டாள்.

"ஒரு தங்கச்சி இருக்கா. கூப்பிட்டா வரமாட்டா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஓரிரு நாளில் அவருக்கு மூச்சு திணறத் தொடங்கியது. ஆக்சிஜன் வைத்தார்கள். ஒரு மத்தியானம் சிலிண்டர் லாரி வரவில்லை. வருகிறது, வழியில் இருக்கிறது, எந்த வழி என்று தெரியவில்லை என்று மாற்றி மாற்றித் தகவல் வந்தது. இருக்கிற சிலிண்டரை இரண்டு கட்டிலுக்குப் பிரித்துக் கொடுத்து, அளவைக் குறைத்து வைக்கச் சொன்னான் டாக்டர். சொல்லிவிட்டு, யாரையோ போனில் பிடிக்கப் படியிறங்கி ஓடினான்.

அவள் பூட்டுக்காரரின் கட்டிலருகே வால்வைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அவர் அவளுடைய கோட்டுக் கையைப் பிடித்தார்.

"பொடிசு. வந்துட்டியா?"

"நான் சிஸ்டருங்க."

"தெரியுது. என் சிஸ்டர்தானே நீ. தங்கச்சின்னாலும் சிஸ்டர்னாலும் ஒண்ணுதானே."

அவர் கேலி பேசுகிறார் என்று முதலில் நினைத்தாள். கண்ணைப் பார்த்தாள். அவர் கண் அவள்மேல்தான் இருந்தது, ஆனால் பார்த்தது வேறு யாரையோ. ஆக்சிஜன் குறைந்தால் மூளை குழம்பும், ஆள் மாறித் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். கையை மெதுவாக விடுவிக்கப் பார்த்தாள். அவர் விடவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பா கெடையில கெடந்தப்ப உனக்கு நான் ஆள் அனுப்பல."

"இப்ப பேசாதீங்க, மூச்சு வாங்குது."

"அது உனக்குத் தெரியும். ஆனா இது தெரியாது. அப்பா உன்னைக் கேட்டாரு. கேட்டுக்கிட்டே இருந்தாரு. கண்ணைத் திறந்தா பொடிசு வந்தாளான்னுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? சொல்லி அனுப்பிட்டேன்ப்பா, வரமாட்டேன்னுட்டான்னு சொன்னேன். நீ அவனைக் கட்டிக்கிட்டுப் போன கோவம். எனக்குத்தான் கோவம், அப்பாவுக்கு எப்பவோ போயிடுச்சு."

அவர் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் அவளைக் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியில் ஆவி. சிலிண்டரின் அளவு காட்டும் முள் எங்கே நிற்கிறது என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

"தப்புதான் பொடிசு. ஒரு வார்த்தை சொல்லு."

அவளுக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. அண்ணன் ஒருவன் இப்படிக் கேட்டால் தங்கச்சி என்ன சொல்வாள் என்பது அவளுக்குத் தெரியாது. மறுபடி நான் நர்ஸ் என்று சொல்லலாம். அதற்கு அவர் பதில் பேசுவார், பேசினால் இருக்கிற மூச்சும் போகும். அவர் பேசுவதை நிறுத்தினால் போதும் என்றுதான் அந்த நிமிஷம் அவளுக்கு இருந்தது.

"சரிண்ணா" என்றாள். "போனது போகட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல. தூங்குங்க."

அவர் கையை விட்டார். முகம் தளர்ந்தது. இதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தே அவள் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினாள். சற்று நேரத்தில் கீழே லாரியின் சத்தம் கேட்டது. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஏறி வந்தார்கள்.

பூட்டுக்காரர் சாகவில்லை. அந்தக் கட்டில் வரிசையில் பிழைக்கமாட்டார் என்று எல்லோரும் நினைத்த ஆள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். நடந்ததை அவள் டாக்டரிடம் சொன்னாள்.

"கவலைப்படாதீங்க சிஸ்டர். அந்த நிலைமையில பேசினது எதுவும் ஞாபகம் இருக்காது" என்றான் அவன்.

வீட்டுக்குப் போய்ச் சுவருக்கு அந்தப் பக்கமும் சொன்னாள். கணவர் யோசிக்கவே இல்லை.

"நல்லதுதானே பண்ணியிருக்கே. சாகப்போற மனுஷன்னு நினைச்சுத்தானே சொன்னே?"

"ஆமா. ஆனா சாகலையே."

"அதுவும் நல்லதுதானே?"

மகள் போனை வாங்கினாள். "அது எப்படிம்மா? அவங்க மன்னிக்க வேண்டியதை நீ எப்படி மன்னிக்கலாம்? அவங்களுக்கு இஷ்டமான்னு கேட்டியா?"

"யாருன்னே தெரியாதேடி."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

கணவர் சொன்னதும் சரியாகப்பட்டது, மகள் சொன்னதும் சரியாகப்பட்டது. தட்டில் இருந்ததைச் சாப்பிட்டாளா இல்லையா என்று பிறகு அவளுக்கு நினைவில்லை.

பூட்டுக்காரரை வீட்டுக்கு அனுப்பிய அன்று அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார், "என் தங்கச்சி அன்னைக்கு வந்தாளே, அப்புறம் வந்தாளா?"

அவள் பக்கத்தில்தான் நின்றாள், கண் மட்டும் தெரிய. சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தாள். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப யாரையும் மேல விடறது இல்லைங்க" என்று மட்டும் சொன்னாள்.

"சரி, நானே போய்ப் பார்த்துக்கறேன்" என்று படியிறங்கிப் போனார்.

அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, ஒரு காலையில் வாசல் காவலாளி மாடிக்குப் போன் செய்தார். தையல் கடைக்காரம்மா ஒருத்தர் துணி முகக்கவசம் தைத்து எடுத்து வந்திருக்கிறார், வாங்கிக்கொள்ளக் காய்ச்சல் வார்டு சிஸ்டர் ஒருத்தர்தான் வரவேண்டும் என்கிறார் என்று. அவள் கோட்டைக் கழற்றிவிட்டு, முகக்கவசம் மட்டும் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். வேப்பமரமோ நிழற்குடையோ எதுவும் இல்லாத திறந்த வாசல். நடுத்தர வயதுப் பெண்மணி, கழுத்தில் அளவு நாடா தொங்க, ஒரு பெரிய பையோடு வெயிலில் நின்றிருந்தார்.

"இதை வெச்சுக்கங்க" என்று பையைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். "இது சாக்கு. சும்மா வந்தா உள்ள விடமாட்டாங்கன்னு தெரியும். பூட்டுக்காரரோட தங்கச்சி நான்."

பையை எடுக்கக் குனிந்த குவாகுவா சிஸ்டர் எடுக்காமலே நிமிர்ந்தாள்.

"எங்கண்ணன் என் வீட்டு வாசல்ல வந்து நின்னான்" என்றார் தையல்காரம்மா. "இத்தனை வருஷம் கழிச்சு. நான் கதவைச் சாத்தப் போனேன். அதான் நீயே வந்து சரின்னு சொல்லிட்டியே, இன்னும் என்னன்னு கேக்கறான். எனக்கு ஒண்ணும் புரியல. காய்ச்சல்ல புத்தி பெசகிடுச்சோன்னு பார்த்தேன். ஆனா தெளிவாத்தான் இருக்கான். யாருங்க அது? என் பேரைச் சொல்லிக்கிட்டு யாரு வந்தா?"

"யாரும் வரலம்மா. நான்தான்."

பிறகு நடந்ததைச் சொன்னாள். சிலிண்டர், லாரி, அவர் கையைப் பிடித்தது எல்லாம். தையல்காரம்மா குறுக்கே பேசவில்லை. அளவு நாடாவின் நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக நின்றார்.

"அப்ப நான் சொல்ல வேண்டியதை நீங்க எடுத்துக் குடுத்துட்டீங்க."

"தப்புதாம்மா. அந்த நேரத்துல எனக்கு வேற எதுவும் தோணல."

"அவன் என்ன சொன்னான்? அதே வார்த்தையைச் சொல்லுங்க."

இங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். சொல்வதா, விடுவதா? அப்பா தன்னை வெறுத்துக்கொண்டே செத்தார் என்றுதான் இந்தப் பெண் இத்தனை காலம் நினைத்திருப்பாள். இல்லை என்பதைச் சொல்லாமல் அனுப்புவது பாவமில்லையா?

"உங்கப்பா உங்களைக் கேட்டுக்கிட்டே இருந்தாராம்" என்றாள். "கண்ணைத் திறந்தா, பொடிசு வந்தாளான்னுதான் கேட்பாராம்."

தையல்காரம்மா சுவரோரம் இருந்த மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகக்கவசத்துக்கு மேலே கண் நிறைந்தது. அவருக்கு நல்ல சேதி ஒன்றைக் கொடுத்துவிட்டோம் என்று நர்ஸுக்கு மனசு லேசானது. அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

"கேட்டாரா? அதுக்கு அவன் என்ன பதில் சொன்னானாம்?"

நர்ஸ் குனிந்து கீழே இருந்த பையை எடுத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க. பாதியோட நிறுத்தாதீங்க."

சொன்னாள்.

தையல்காரம்மா தரையைப் பார்த்தபடி இருந்தார். "அப்ப எங்கப்பா, நான் வரமாட்டேன்னு சொன்னதா நினைச்சுக்கிட்டேதான்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. ஒரு ஆம்புலன்ஸ் உள்ளே வந்தது; காவலாளி இருவரையும் ஓரமாகப் போகச் சொன்னார். அது போனதும் தையல்காரம்மா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார்.

"உங்க வாயில வந்தது உங்களோட. எனக்குச் சொல்லணும்னு தோணினா நான் சொல்லிக்கறேன்" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "சாப்பிட்டீங்களா? கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் நடந்து போய்விட்டார்.

கோபமாகப் போனாரா, இல்லையா? மாடி ஏறும்போது அவளுக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க மீட்டரை ஒரே ஆளின் விரலில் இரண்டிரண்டு தடவை மாட்டினாள்.

மாதங்கள் போயின. காய்ச்சல் குறைந்தது, திரும்ப வந்தது, மறுபடி குறைந்தது. கூட வேலை பார்த்த ஆயா அந்த இரண்டாம் சுற்றில் போய்விட்டாள். அவளுக்காக உட்கார்ந்து அழக்கூட யாருக்கும் நேரம் இருக்கவில்லை. பணிமாற்று வேளையில் மருந்து அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். கடைசியில் தொட்டில்கள் உள்ளே வந்தன. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். முன்னறைக் கதவைத் திறந்துகொண்டு அவள் வீட்டுக்குள் போன முதல் நாள், மகளும் அவளும் பேச்சு வராமல் கொஞ்ச நேரம் எதிரும் புதிருமாக நின்றார்கள். போனில் பேசிப் பேசி நேரில் எப்படித் தொடங்குவது என்பது மறந்துவிட்டிருந்தது.

அதன்பிறகு ஒரு நாள் மருந்து அலமாரியின் பூட்டு இறுகிப்போய், ஆள் கூப்பிட்டார்கள். வந்தது பூட்டுக்காரர். உடம்பு தேறியிருந்தார். மழைக்கோட்டும் கண்ணாடியும் இல்லாத அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பூட்டில் எண்ணெய் விட்டுவிட்டு, அது ஊறும்வரை பேச்சுக் கொடுத்தார்.

"இந்த வார்டுலதான் நான் கெடந்தேன். நீங்க அப்ப இங்கதான் இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"ஒண்ணு கேக்கணும். என் தங்கச்சி என்னைப் பார்க்க வந்தா. நான் கண்ணால பார்த்தேன், பேசினேன். வீட்டுக்குப் போய்க் கேட்டா, வரவே இல்லைன்னு கதவைச் சாத்தினா. கொஞ்ச நாள் கழிச்சு அவளே கடைக்கு வந்தா. ஆமாண்ணே, வந்தேன், அன்னைக்குக் கோவத்துல மாத்திச் சொல்லிட்டேன்னா. இப்ப போக்குவரத்து இருக்கு, ஞாயித்துக்கிழமை சாப்பாடு அங்கதான். சந்தோஷம்தான். ஆனா..."

சாவியை உள்ளே விட்டு அசைத்துப் பார்த்தார்.

"எந்தக் கட்டில்ல கெடந்தேன்னு பேச்சுவாக்குல கேட்டேன். கதவோரம்னா. நான் ஜன்னலோரம்தான் கெடந்தேன். அப்பாவைப் பத்திச் சொன்னது மட்டும் அச்சு அசலா சொல்றா. வராதவளுக்கு அது எப்படித் தெரியும்? வந்தவளுக்குக் கட்டில் எப்படித் தெரியாது? நீங்க சொல்லுங்க, அப்ப வெளியாளை உள்ள விட்டாங்களா?"

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் அந்தத் தங்கச்சி எதற்காகவோ கட்டி வைத்திருக்கிற ஒன்று உடையும். அவள் மன்னித்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னாளா, மன்னிக்க முடியாமல் அப்படிச் சொன்னாளா என்பதும் தெரியாது.

"அப்ப யார் வந்தாங்க, யார் போனாங்கன்னு எங்களுக்கே தெரியாதுங்க" என்றாள். "கண்ணு மட்டும்தானே தெரியும்."

அது பொய்யில்லை. அவர் அவளுடைய குரலையே கேட்டுக்கொண்டிருப்பதுபோல் தலையைச் சாய்த்து நின்றார். ஏதோ கேட்கப்போகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. பூட்டு திறந்துகொண்டது.

"இனிமே இறுகாது" என்று கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். படியருகே நின்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார், இறங்கிப் போனார்.

சாயங்காலம் கணவர் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனை வாசலில் நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் நின்று சொல்லி முடித்தாள்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? அண்ணன் தங்கச்சி ஒண்ணாச் சாப்பிடறாங்க இல்ல?"

"சாப்பிடறாங்க."

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன என்பது அவளுக்கும் தெரியவில்லை. ஒரு துணியை எடுத்து அந்தப் பக்கத்து ஜன்னல்களைத் துடைக்க ஆரம்பித்தாள்.